‘நூறு சதவீதம் துல்லியம்’ என்று விற்ற டாங்கிகள்: வாங்கிப் பிரித்துப் பார்த்தேன்

நான் டேங்க் செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டி ஏஜென்சி எடுத்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா ஆயிரம் லிட்டர் என்ன விலை என்று ஒருமுறை கேட்டே விட்டார். அதனால் இந்தக் கட்டுரையில் டாங்கி என்றே எழுதிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் மாடி அறையில் உட்கார்ந்து கணினி விளையாட்டுகளுக்கு 3டி வண்டிகள் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஆறு வருடம் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இப்போது கையில் இருப்பது நாலு பேர் சேர்ந்து செய்யும் ஒரு சின்ன விளையாட்டு. 1971 போர், அதிலும் கரீப்பூர் சண்டை. அந்த வருடம் நவம்பர் 20, 21 தேதிகளில் கிழக்கு வங்கத்து யசோர் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே நடந்தது. அதிகாரபூர்வமாகப் போர் தொடங்கிய டிசம்பர் 3க்கு முன்னாலேயே முடிந்துபோன சண்டை. நம் பக்கம் 14 பஞ்சாப் பட்டாலியனும், டாங்கிப் படைப்பிரிவான 45 கேவல்ரியின் 14 பி.டி-76 டாங்கிகளும். பி.டி-76 தண்ணீரில் மிதந்து போகக்கூடிய சோவியத் வண்டி. எதிரே பாகிஸ்தானின், அமெரிக்கத் தயாரிப்பான எம்24 சாஃபி டாங்கிகள். காலைப் பனிமூட்டத்தில் ஒருவரை ஒருவர் கிட்டத்தட்ட முகத்துக்கு நேராகப் பார்த்திருக்கிறார்கள். நம் டாங்கி அணியை (ஸ்குவாட்ரன்) நடத்திய மேஜர் தல்ஜித் சிங் நாரங் அங்கேயே உயிரை விட்டார், மகாவீர் சக்ரா கிடைத்தது.

இந்த வேலைக்கு இரண்டு வகை டாங்கி வேண்டும். நானே செய்தால் இரண்டுக்கும் சேர்த்து மூன்று வாரம். அவ்வளவு நாள் இல்லை. அதனால் இணையத்தில் மாடல் விற்கும் ஒரு சந்தையில் ‘1971 டாங்கித் தொகுப்பு, நூறு சதவீதம் வரலாற்றுத் துல்லியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை 4,150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பி.டி-76 ஒன்று, எம்24 ஒன்று, இலவசமாக ஒரு விஜயந்தா. விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாதியைத் திருத்திக் கொடுத்திருக்கிறார், அந்த மரியாதை அவருக்கு உண்டு. இதே போன்ற தொகுப்பு யார் விற்றாலும் காசு கொடுப்பதற்கு முன்னால் எதையெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்புகள் சுத்தம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திறந்ததும் எந்த டெக்ஸ்சரும் (மேற்பரப்புப் படம்) காணாமல் போகவில்லை. அந்தப் படத்தை வண்டி மேல் போர்த்துவதற்கான யுவி விரிப்பு அழகாக அடுக்கப்பட்டிருக்கிறது. மெஷ் என்கிற உருவ வலை, தூரத்துக்கு ஏற்ப நாலு நிலையில். பி.டி-76க்கு 62 ஆயிரம் முக்கோணங்கள், இந்த விலைக்கு நியாயம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அது மட்டும் தனியாக எழும்புகிறது. கைத்தொழில் தெரிந்த ஆள்தான். அவர் சறுக்கியதெல்லாம் செய்வதில் இல்லை, பார்ப்பதில்.

முதல் சறுக்கல் அளவு. எந்த மாடலை வாங்கினாலும் பக்கத்தில் 1.70 மீட்டர் உயரத்தில் ஒரு மனிதப் பொம்மையை நிறுத்துவது என் பழக்கம். பி.டி-76இன் உயரம் சுமார் 2.2 மீட்டர். என் பொம்மை கையைத் தூக்கினால் விரல் நுனி டரட்டின், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூட்டின், உச்சியைக் கிட்டத்தட்டத் தொட வேண்டும். இந்த மாடலில் ஒரு சாணுக்கு மேல் எட்டாமல் நின்றது. உடனே ஸ்கேலை எடுத்து அளந்தேன். மூக்கிலிருந்து பின் தகடு வரை உடலின் நீளம் சரியாக 7.63 மீட்டர். பார்த்ததுமே புரிந்துவிட்டது. 7.63 என்ற எண் பொய்யில்லை, எல்லா அட்டவணையிலும் இருக்கிறது. ஆனால் அது பீரங்கிக் குழாயை முன்பக்கம் நீட்டி வைத்து அளந்த நீளம். உடல் மட்டும் 6.91தான். மனிதர் 7.63க்கு உடலை இழுத்துவிட்டு, அதற்கு மேல் குழாயைத் தனியாக மாட்டியிருக்கிறார். அகலமும் உயரமும் கூடவே பத்து சதவீதம் வீங்கிவிட்டன. 3.14 மீட்டர் அகலம் இருக்க வேண்டிய வண்டி 3.47 ஆகிவிட்டது.

பத்து சதவீதம்தானே என்று விட முடியாது. விளையாட்டில் இது குறி பார்ப்பவனுக்குப் பரப்பில் இருபது சதவீதத்துக்கும் மேல் பெரிய குறி. ஒற்றை வண்டிப் பாலத்தில் ஏற வேண்டியது இடிக்கும். பக்கத்தில் சரியான அளவில் நிற்கும் சாஃபி, தம்பி மாதிரி தெரியும். 14 டன் மிதக்கும் வண்டியின் பக்கத்தில் 18 டன் சாஃபி குட்டியாகி நிற்கிறது!

அடுத்தது குழாய். பி.டி-76இன் 76 மி.மீ. பீரங்கியில் பழைய வகை, பிந்தைய வகை என்று உண்டு. பழையதில் வாய்ப்பக்கம் வரிசையாகப் பல கீற்றுகள் வெட்டிய மசில் பிரேக் (சுடும்போது பின்னுதைப்பைக் குறைப்பது), புகை வெளியேற்றும் உருளை கிடையாது. பிந்தையதில் இரண்டு தடுப்புள்ள மசில் பிரேக், அதோடு குழாயின் மேல் அந்த உருளையும் உண்டு. நான் பார்த்த படங்களில் ஒன்று இருந்தால் மற்றது இல்லை. இந்த மாடலில் கீற்று பிரேக்கும் இருக்கிறது, உருளையும் இருக்கிறது. அப்பன் தலையை மகன் கழுத்தில் வைத்த மாதிரி. இரண்டு படங்களை வைத்துக்கொண்டு, இதிலிருந்து கொஞ்சம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருக்கிறார்.

இந்தத் தொழிலில் துல்லியம் என்று எல்லோரும் ரிவெட் எண்ணுவதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலையைத் தொடங்கும்போது நான் ஒரு தாளில் எழுதி ஒட்டுவது: எந்த வண்டி, எந்த நாள். பி.டி-76 என்று பொதுவாக ஒரு வண்டி உலகத்தில் எங்கேயும் ஓடியதில்லை. 1971 நவம்பர் 21 காலை கரீப்பூரில் நின்ற ஒரு பி.டி-76 ஓடியது. அதை முடிவு செய்துவிட்டால் எந்தக் குழாய், எந்த அடையாளம், எந்தச் சேறு எல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கும். இந்த மாடலின் டரட்டில் சிவப்பு நட்சத்திரம் வரைந்திருக்கிறது. 45 கேவல்ரிக்கு யார் போய் அதை வரைந்தார்கள்? பிரிட்டிஷ் வழக்கப்படி ஸ்குவாட்ரன் அடையாளம் முக்கோணம் என்றால் ஏ, சதுரம் என்றால் பி, வட்டம் என்றால் சி. நம்முடைய கேவல்ரி அந்த மரபில் வந்தது. தொகுப்பின் பெயரில் 1971 என்று போட்டவருக்கு அந்த அடையாளம் ஒரு நிமிட வேலை.

டரட் விஷயத்தை நான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். மாடல் வந்த வாரத்தில் சுவாமிமலையிலிருந்து என் கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பள்ளித் தோழன், தலைமுறை தலைமுறையாக ஐம்பொன் வார்ப்புப் பட்டறை. திரையில் டரட் பெரிதாகத் திறந்திருந்தது. காபியை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தான்.

“இது வார்ப்பாடா?”

“இல்லடா, தகடு வெட்டிப் பத்த வச்சது.”

“அப்ப ஏன் மேலெல்லாம் மண்ணு கடிச்ச மாதிரி இருக்கு?”

அவன் சொன்ன பிறகுதான் பார்த்தேன். மேடு பள்ளத்தைக் காட்டும் படமான நார்மல் மேப்பில் டரட் முழுக்க நுண்ணிய மேடு பள்ளம். மண் அச்சில் உலோகத்தை ஊற்றி எடுத்தால் அப்படித்தான் வரும். மெழுகுப் பதுமையின் மேல் காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறவனுக்கு அந்தத் தோல் எப்படி இருக்கும் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். உடைத்தெடுத்ததும் சிலை அப்படித்தான் சொரசொரவென்று இருக்கும், பிறகு அரமும் உளியுமாக வாரக்கணக்கில் உட்கார்ந்து வழவழப்பாக்குவார்கள். டி-55 என்ற இன்னொரு சோவியத் டாங்கியின் டரட் வார்ப்பு, அதற்கு இந்தத் தோல் சரி. பி.டி-76 டரட் உருட்டிய தகடுகளைக் கூம்பாக மடக்கி வெல்டிங் செய்தது. பரப்பு வழவழப்பு, சேரும் இடத்தில் மட்டும் வெல்டிங் தடம் புழு ஊர்ந்தது போல ஓட வேண்டும். விற்றவர் தன் பழைய டி-55இன் மெட்டீரியலை அப்படியே இழுத்து ஒட்டியிருக்கிறார். நான் பத்து வருடமாக இந்த வேலை செய்கிறேன், முதல் நாள் என் கண்ணில் படவில்லை. சுவாமிமலைக்காரன் காபி ஆறுவதற்குள் பிடித்துவிட்டான்.

எம்24 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. பக்கத்துக்கு ஐந்து சக்கரம், மேலே மூன்று உருளை, டிராக்கை (சங்கிலிப் பட்டையை) இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் முன்னால், மசில் பிரேக் இல்லாத வெறும் 75 மி.மீ. குழாய். பி-25 விமானத்தில் வைத்த பீரங்கியின் வழியில் வந்த இலேசான குழாய் அது. ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும், ஒல்லியாகவே வைத்திருக்கிறார். அமெரிக்க வண்டிகளுக்குக் கையேடும் படமும் கொட்டிக் கிடக்கின்றன, அதனால் தப்பித்தார் என்பது என் ஊகம்.

ஆனால் இரண்டு வண்டிக்கும் ஒரே டிராக் அனிமேஷனைப் போட்டதுதான் வயிற்றெரிச்சல். பி.டி-76க்கு ஸ்ப்ராக்கெட் பின்னால், சாஃபிக்கு முன்னால். முன்னால் இருந்தால் வண்டி போகும்போது மேல்பக்கத்து டிராக்கை அது இழுத்துக்கொண்டே இருக்கும், மேல்பக்கம் விறைப்பாக நிற்கும். பின்னால் இருந்தால் இழுவை கீழ்ப்பக்கம், மேல்பக்கம் தளரும். பி.டி-76க்கு மேலே உருளையும் கிடையாது. அதனால் டிராக் தொப்பை போட்டு நேராகச் சக்கரங்களின் தலையில் படுத்துக்கொண்டு போக வேண்டும். மாடலில் இரண்டும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி போகின்றன.

இதைச் சரிசெய்ய நான் எங்கும் ஓடவில்லை. ஜனவரியில் பாபநாசம் பக்கம் மாமனார் வயலில் சம்பா அறுவடை. அந்த நேரத்தில் வயல் காயாமல் கிடந்ததால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் மெஷின்தான் வந்தது. நான் வரப்பில் குந்திக்கொண்டு போனில் அதன் காலையே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் தம்பி இரண்டு சுற்று பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது சுற்றில் நிறுத்தினான்.

“அண்ணே, மெஷின் வாங்கப் போறீங்களா?”

“இல்ல தம்பி, ரிவர்ஸ் ஒரு தடவை எடு.”

என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பான், ஆனாலும் எடுத்தான். அந்த வண்டிக்கும் ஸ்ப்ராக்கெட் முன்னால். முன்னே போகும்போது மேல்பக்கம் நரம்பு மாதிரி விறைத்திருந்தது. ரிவர்ஸ் எடுத்ததும் அதே மேல்பக்கம் துவண்டு ஆடியது. ரப்பர் பெல்ட் ஒரே துண்டு, டாங்கியின் டிராக் கண்ணி கண்ணியாகக் கோத்த எஃகு, எடையும் தொய்வும் வேறு. ஆனாலும் விறைப்பு எந்தப் பக்கம், தளர்வு எந்தப் பக்கம் என்பது மாறாது. சாஃபியின் அனிமேஷனை அந்த வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டுத்தான் திருத்தினேன்.

அதே வயலில் சேற்றையும் படித்துவிட்டு வந்தேன். தொகுப்பில் உள்ள சேறு, தூரிகையில் தொட்டு உதறியது போல் டரட் வரை சமமாகத் தெறித்த செம்பழுப்பு. அது எந்த ஊர் மண்ணும் இல்லை. வயல் சேறு தெறிப்பதைவிட அப்புவதுதான் அதிகம். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கட்டியாகப் போய் அடைந்துகொள்ளும், அதில் வைக்கோல் சிக்கி அச்சில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். உடலில் ஒரு கோடு வரைதான் ஏறும், அந்தக் கோட்டுக்கு மேல் சுத்தமாக இருக்கும். காயும்போது ஓரத்திலிருந்து சாம்பல் நிறமாக வெளுத்துக்கொண்டு வரும், நடுவில் ஈரம் கறுப்பாகவே நிற்கும். டிராக் உரசும் இடமெல்லாம் சேறே ஒட்டாமல் உலோகம் பளபளவென்று மின்னும். கரீப்பூரும் ஆற்று வண்டல் படிந்த நெல் பூமிதான், நவம்பர் என்றால் வங்கத்தில் ஆமன் நெல் முற்றி அறுக்கும் பருவம். அந்த டாங்கிகளின் சக்கரத்தில் வைக்கோலும் கதிரும் சிக்கியிருக்காமல் வேறென்ன இருந்திருக்கும்? தொகுப்பில் கூடுதலாகக் கொடுத்திருக்கும் ‘பாலைவனத் தூசி’ டெக்ஸ்சர் அருமையாக இருக்கிறது. ராஜஸ்தான் சண்டை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

வரப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, பீரங்கி தாழும் கோணம். சாஃபியின் குழாய் பத்து டிகிரி தாழும். பி.டி-76இன் குழாய் நாலு டிகிரிதான் தாழும். தொகுப்பில் இரண்டுக்கும் பத்து. அசைவுக்கான எலும்புக்கூடு மாதிரியான ரிக் ஒன்றை நகல் எடுத்து மற்றதற்கு மாட்டியதன் விளைவு. மலைப்பாங்கான இடத்தில்தானே இது முக்கியம், சமவெளியில் என்ன என்று எங்கள் குழுவில் நிரல் எழுதும் பையன் கேட்டான். கோயம்புத்தூர்க்காரன், வரப்பு பார்த்து வளராதவன். நெல் வயலில் மறைய இருப்பதே வரப்பும் வாய்க்கால் கரையும்தான். கரைக்குப் பின்னால் மூக்கை மேலே தூக்கி நிற்கும் பி.டி-76, எதிரே பள்ளத்தில் வருகிறவனைச் சுட முடியாமல் தவிக்க வேண்டும், முன்னே ஏறி உடம்பைக் காட்டினால்தான் குழாய் இறங்கும். மெல்லிய தகடு போர்த்திய வண்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை. நாலைப் பத்தாக்கினால் அந்தத் தவிப்பே விளையாட்டிலிருந்து போய்விடுகிறது. ஆணி அளவு வித்தியாசம், ஆனால் ஆட்டத்தையே மாற்றுகிறது.

எஞ்சின் அறையைத் திறந்து காட்டும் வசதி இருக்கிறது, விளம்பரத்தில் இதற்குத் தனிப் படமே போட்டிருந்தார். திறந்தால் உள்ளே வி வடிவத்தில் ஆறு சிலிண்டர். சிரித்துவிட்டேன். அந்த 240 குதிரைத் திறன் டீசல் எஞ்சினின் பெயர் வி-6. பெயர்தான் அப்படி, சிலிண்டர்கள் ஆறும் ஒரே வரிசையில் நிற்கும். டி-34 டாங்கியில் இருந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினில் பாதி அது. பெயரைப் படித்துவிட்டு உருவத்தைக் கற்பனை செய்திருக்கிறார். சத்தமும் அதே கதை. சாஃபியில் இரண்டு காடிலாக் பெட்ரோல் எஞ்சின்கள், இதில் ஒற்றை டீசல், இரண்டுக்கும் ஒரே உறுமல் கோப்பு.

இனி மிலிட்டரி தாத்தா. எங்கள் தாத்தாவின் தம்பி, குடமுருட்டிக் கரையில் வீடு. எழுபதுகளில் கேவல்ரியில் சேர்ந்து பி.டி-76 ஓட்டி, டஃபேதாராக ஓய்வு பெற்றவர். காலாட்படையில் ஹவில்தார் என்பதைக் கேவல்ரியில் டஃபேதார் என்பார்கள், யாராவது ஹவில்தார் என்று சொன்னால் அவருக்கு இன்றும் பிடிக்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே பார்த்தார்.

“பலகை தூக்குமா இது?”

“எந்தப் பலகை தாத்தா?”

“மூஞ்சில படுத்துருக்கே, அது. தண்ணில எறங்குறதுக்கு முன்னாடி அதத் தூக்கி நிறுத்தணும். இல்லாட்டி அலை நேரா டிரைவர் மூஞ்சிக்கு வரும்.”

மாடலில் அந்த அலைத்தடுப்புப் பலகை வெறும் தட்டையாக உடலோடு ஒட்டிக் கிடந்தது, கீல் இல்லை, தாங்கு கம்பி இல்லை. தூக்கினால் ஓட்டுநருக்கு முன்னால் ஒன்றும் தெரியாதே என்று கேட்டேன். அதற்குத்தான் நடுவில் இருக்கும் பெரிஸ்கோப்பை மேலே உயர்த்துவார்களாம், பலகைக்கு மேலாகப் பார்க்கலாம். மாடலில் மூன்று பெரிஸ்கோப்பும் ஒரே உயரத்தில் ஆணியடித்த மாதிரி நிற்கின்றன. பின்பக்கம் திருப்பினேன். நீர்த்தாரை வெளியேறும் இரண்டு ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, மூடி எங்கே என்றார். தண்ணீரில் ஸ்டீயரிங்கே அந்த மூடிதான். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடப்பக்க மூடியை அடைப்பார்களாம், தாரை முன்பக்கமாகத் திரும்பிப் பாயும், வண்டி இடது பக்கம் வட்டமடிக்கும். “கொள்ளிடத்துல பரிசல் திருப்புற மாதிரிதான்டா, துடுப்புதான் கெடையாது.”

டரட்டுக்குள் காட்டியபோது கமாண்டர், கன்னர், லோடர் என்று மூன்று இருக்கை இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு விரலைக் காட்டினார். மொத்தமே மூன்று பேர் வண்டி, முன்னால் ஓட்டுநர், டரட்டில் இரண்டே பேர். கமாண்டரேதான் குறி பார்த்துச் சுட வேண்டும். சுட்டுக்கொண்டே நாலு பக்கமும் பார்க்க வேண்டும், வயர்லெஸ்ஸிலும் பேச வேண்டும். எங்கள் விளையாட்டில் கன்னருக்குத் தனியாகக் குரல் பதிவு செய்து வைத்திருந்தோம், தூக்கிப் போட்டோம். அது எங்கள் தப்பு, தொகுப்பின் தப்பு இல்லை.

தப்பு என்றால் நானும் யோக்கியன் இல்லை. சென்னையில் இருந்தபோது சக்கரங்களை முறுக்குக் கம்பிகள் (டார்ஷன் பார்) தாங்கும் ஒரு டாங்கிக்கு இடப்பக்கத்தை முடித்துவிட்டு, கண்ணாடி மாதிரி வலப்பக்கத்துக்குத் திருப்பி ஒட்டினேன். கம்பிகள் வண்டியின் அடியில் குறுக்கே ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருப்பதால் இடப்பக்கச் சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். வெளிவந்த மறுநாளே எங்கோ ஒரு பள்ளிக்கூடப் பையன் மேலிருந்து படமெடுத்துச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருந்தான்.

இலவச விஜயந்தாவைப் பற்றி ஒரே பத்திதான் எழுதப்போகிறேன், ரத்த அழுத்தம் ஏறும். ஆவடியில் நம் ஆட்கள் கட்டிய வண்டி. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் எஞ்சின், அறுபதுகளின் நடுவிலிருந்து கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானது. இவர் கொடுத்திருப்பது செஞ்சுரியன் என்ற வேறொரு பிரிட்டிஷ் டாங்கி. மூக்கை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். கீழே பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். செஞ்சுரியனின் சக்கரங்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து வெளியே தெரியும் சுருள்களில் தொங்கும். விஜயந்தாவில் ஆறும் தனித்தனிக் கையில், டார்ஷன் பார். டரட்டும் வார்ப்பு இல்லை, வெல்டிங். அகமதுநகர் டாங்கி அருங்காட்சியகத்தில் விஜயந்தா நிற்கிறது, நானே போய்ச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்திருக்கிறேன். அருங்காட்சியக வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது, பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் அடித்து வெல்டிங் தடமே மூடிப் போயிருக்கும். ஆனால் சக்கரம் எப்படித் தொங்குகிறது என்பதைப் பெயிண்ட் மறைக்காது. இலவசம்தானே என்கிறீர்களா? இலவசமாகக் கொடுத்தாலும் பெயரில் விஜயந்தா என்று போட்டிருக்கிறதே.

இத்தனையையும் படத்தோடு விற்றவருக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, கோபப்படவில்லை. பத்து நாளில் புதிய பதிப்பு. அளவு சரியானது, குழாய் பிந்தைய வகைக்கு மாறியது, டரட்டின் தோல் வழவழப்பானது, கோணம் நாலுக்கு இறங்கியது. சிவப்பு நட்சத்திரம் இல்லாத ஒரு டெக்ஸ்சரும் சேர்த்திருக்கிறார். எஞ்சினை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார், யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்றார். விஜயந்தா பற்றிப் பதிலே இல்லை.

எம்24க்கு ஐந்தில் நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். பி.டி-76க்கு முதல் பதிப்பில் ஒன்றரை, திருத்திய பிறகு மூன்று. விஜயந்தாவுக்கு ஒன்றும் கிடையாது. தூரத்தில் நாலு டாங்கி போகிற மாதிரி காட்டினால் போதும் என்பவர்களுக்கு 4,150 ரூபாய் மலிவு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கேமரா கிட்டே போகும் என்றால் வாங்கிய பிறகு இரண்டு வாரம் சொந்த வேலை இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று வாரம் மிச்சமாகும் என்று வாங்கினேன், ஒரு வாரம்தான் மிச்சம். பலகைக்குக் கீல், பெரிஸ்கோப், நீர்த்தாரை மூடி எல்லாம் நானே செய்து சேர்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருத்திய வண்டியைத் தாத்தாவிடம் ஓட்டிக் காட்டினேன். பலகை எழுந்தது, பெரிஸ்கோப் உயர்ந்தது, வண்டி கரையிலிருந்து தண்ணீரில் இறங்கி மிதந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பம்ப்பைப் போடாம எறக்கிட்டியேடா. உள்ள வர்ற தண்ணிய யாரு எறைக்கிறது?”

பம்ப்பு தண்ணீரை வெளியே தள்ளும் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் காற்றில் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இடது கையால். “இரு, வெத்தலைய எடு, சொல்றேன்” என்றார்.